கழுவிய குப்பிகள்

ஆய்வகத்தில் என் அண்ணி என்னை ‘மேடம்’ என்றுதான் கூப்பிட வேண்டும். கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டபோது நான் போட்ட ஒரே நிபந்தனை அது. நாங்கள் உறவு என்று அங்கே யாருக்கும் தெரியக் கூடாது. ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினாலும் கேட்டுக்குள் ஒன்றாக நுழையக் கூடாது.

“பேரு சொல்லிக் கூப்பிட்டா வாயில புண்ணு வந்துடுமா?” என்று கேட்டாள்.

“அது காலேஜ், அண்ணி. அங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

“அப்போ நீ என்னை இன்னான்னு கூப்புடுவ?”

அவள் வேலை பார்த்த இரண்டு வருடமும் அங்கே அவளை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இங்க பாருங்க’ என்பேன். திரும்பிப் பார்ப்பாள்.

உறவில் அண்ணி, வயதில் என்னைவிட ஒன்று குறைவு. கன்னடம் பேசும் ஊரில், ஸ்ரீராம்புரத்தின் தமிழர் சந்து ஒன்றில் எங்கள் வீடு; இரண்டு அறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும், இன்னொன்றில் அம்மாவும் நானும் என் புத்தகங்களும். அப்பா சாகும்வரை மாநகராட்சிக்காகத் தெருக் கூட்டினார். அம்மா கைநாட்டு. அண்ணன் பஸ் போர்டு படிக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டு ஆட்டோவுக்குப் போய்விட்டான். அண்ணிக்கு அதுவும் தெரியாது. நான் மட்டும் படித்தேன். உயிர்வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்து பிஎச்.டி.க்குச் சேர்ந்தபோது எங்கள் சந்தில் அப்படி ஒரு படிப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. எனக்குத் திமிர் அதிகம் என்று சொல்வார்கள். சரிதான். குழாயடியில் என்னைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும், ‘போதும், இறங்கி வா’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது என்னை இறங்கவிடாமல் பிடித்திருந்தது அந்தத் திமிர்தான்.

என் ஆராய்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது விளங்காது. மழையில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது இல்லையா, அதுபோல உடம்பின் செல்களும் ஆக்ஸிஜனால் உள்ளுக்குள் அரிக்கப்படுகின்றன. ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று பாடப் புத்தகம் அதைச் சொல்லும். நாங்கள் கல்லீரல் செல்களைத் தட்டுகளில் வளர்ப்போம். அவற்றின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி வேண்டுமென்றே அந்த அரிப்பை உண்டாக்குவோம். பிறகு ஒரு சாயம் சேர்ப்போம். செல் எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு பச்சையாக ஒளிரும். அந்த ஒளியை ஒரு கருவி அளந்து சொல்லும்.

இதில் ஹோமியோபதி எங்கே வந்தது என்றால், என் வழிகாட்டிப் பேராசிரியர் அதை நம்புகிறவர். உலோக மருந்துகளில் அவருக்குத் தனிப் பிரியம். தாமிரம், துத்தநாகம், தங்கம். தாமிரப் பொடியைப் பால் சர்க்கரையோடு சேர்த்து மணிக்கணக்கில் அரைப்பார்கள். அதிலிருந்து கரைத்த மருந்தில் ஒரு சொட்டு எடுத்துத் தொண்ணூற்றொன்பது சொட்டு ஆல்கஹால் கலந்த நீரில் விட்டு, குப்பியைப் பத்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். அதில் ஒரு சொட்டு எடுத்து மறுபடியும் தொண்ணூற்றொன்பது, மறுபடியும் பத்துத் தட்டு. இப்படி முப்பது படி. கடைசிப் படியில் தாமிரம் ஒரு அணுகூட மிஞ்சாது. அதை நான் மறைக்கவில்லை. வேதியியல் படித்தவள் எப்படி மறைக்க முடியும்? மிஞ்சாத அந்தத் தாமிரம் செல்லைக் காப்பாற்றுகிறதா என்பதுதான் எங்கள் கேள்வி.

காப்பாற்றியது. மருந்து விட்ட செல்கள் குறைவாக ஒளிர்ந்தன. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் ஆல்கஹால் நீரையும் அதேபோல முப்பது படி கலக்கி, தட்டி, வேறு செல்களில் விடுவோம். அவை அதிகமாக ஒளிர்ந்தன. ஒரு தடவை இல்லை, செய்த ஒவ்வொரு தடவையும். பேராசிரியர் சார் அந்த முடிவின் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். அதன் கீழே என் பெயர் இருந்தது. நான் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் ஏற்கப்பட வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் விதி. எனக்கு ஐந்தாவது வருடம். இனி நீட்டிப்புக் கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இந்தக் கட்டுரை போகாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் அந்தச் சந்துக்குள் திரும்பி நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

குப்பிகள் விஷயத்தில் சாருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மருந்து பட்ட கண்ணாடியில் மருந்தின் குணம் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் போகாது என்பது ஹோமியோபதிக்காரர்களின் நம்பிக்கை. அதனால் மருந்துக்கு எப்போதும் புதுக் குப்பி. பயன்படுத்தியதும் அதை உடைத்துப் போட்டுவிட வேண்டும். வெறும் ஆல்கஹாலுக்கு அந்தக் கவலை இல்லை. அதில் ஒட்டிக்கொள்ள என்ன இருக்கிறது? புதுக் குப்பிக்கு எழுதிக் கொடுத்தால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஆல்கஹால் குப்பிகளைக் கழுவிக் கழுவி உபயோகித்தோம். ஐந்து வருடம் அப்படித்தான் செய்தோம். அறையில் இருந்த படித்தவர்கள் யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை.

கடைசி இரண்டு வருடம் அந்தக் குப்பிகளைக் கழுவியவள் அண்ணி. முதலில் சோப்புத் திரவம், பிறகு குழாய்த் தண்ணீர், கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் ஏழு முறை அலசல். அவளுக்கு எழுத்து தெரியாது என்பதால், குழாய்க்கு மேலே சுவரில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி மார்க்கரால் ஏழு வட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு அலசலுக்கும் ஈர விரலை ஒவ்வொரு வட்டத்தின் மேல் வைத்து நகர்வாள். ஒரு நாளும் தப்பவில்லை.

காய்ச்சி வடிக்கும் கருவி பழசு. காலையிலிருந்து சாயங்காலம் வரை சொட்டினாலும் ஒரு கேன் நிரம்பாது. கட்டுரைக்கு அவசரமாகச் சோதனைகள் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்குக் குப்பிகள் போதவில்லை. ஒரு நாள் போய் அந்த டேப்பைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டி மூன்று வட்டம் போட்டேன்.

“ஏழுன்னு சொன்னீங்க. மிச்சம் நாலு எங்க போச்சு மேடம்?”

“மூணு போதும்.”

“எங்க வூட்ல பால் குண்டானையே நாலு தட அலசுவேன் நானு.”

“சொன்னதைச் செய்யுங்க.”

செய்தாள்.

ஒரு மத்தியானம் நான் குப்பிகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். ரெக்ஸின் அட்டை போட்ட ஒரு தடித்த டைரி, அதன் மேல் குப்பியைப் பிடித்து ஓங்கிப் பத்துத் தட்டு. என்னோடு இன்னும் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் இருந்தார்கள். அண்ணி கழுவிய குப்பிகளின் ட்ரேயோடு வந்தவள் போகாமல் நின்றாள்.

“மேடம், இது நுரைக்குது.”

“எது?”

“இந்தப் பக்கம் இருக்கறது. அந்தப் பக்கம் புதுசுல தட்றீங்க இல்ல, அது கம்முனு இருக்குது. இது நுரைக்குது பாருங்க.”

பார்த்தேன். ஆல்கஹால் குப்பியில் திரவத்தின் விளிம்பைச் சுற்றி, மூக்குத்திக் கல் அளவுக்குச் சின்னச் சின்னக் குமிழிகள். நான் பார்க்கப் பார்க்க ஒன்றிரண்டு உடைந்தன. மீதி அப்படியே நின்றன.

“தட்டினா நுரைக்கத்தான் செய்யும். உங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ட்ரேயை வெச்சிட்டுப் போங்க.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். “சயின்டிஸ்ட் ஆன்ட்டி” என்றாள் ஒருத்தி. நானும் சிரித்தேன். அண்ணி ட்ரேயை வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வீட்டில் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: “நான் சோப்பு போட்டே பொழைக்கறவ. நுரை இன்னான்னு எனக்கே சொல்லித் தர்றியா?”

“அண்ணி, அது என் வேலை. எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு வந்து பேசு.”

அண்ணன் பக்கத்தில்தான் இருந்தான். அந்த வீட்டில் நான் சொன்னதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். படித்தவள் இல்லையா. அண்ணி வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். சோப்பில் ஊறி ஊறி அவள் உள்ளங்கை வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். வெங்காயச் சாறு பட்டதும் கையை உதறிக்கொண்டாள்.

கட்டுரையை அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து, அதைப் படித்த ஒரு நிபுணரின் கேள்விகள் வந்தன. யாரென்று தெரியாது, அவர்கள் பெயர் சொல்வதில்லை. முதல் கேள்வியே இதுதான்: பெராக்சைடு மட்டும் விட்ட செல்களும் மருந்து விட்ட செல்களும் ஒரே அளவுதான் ஒளிர்கின்றன. வெறும் ஆல்கஹால் விட்டவை மட்டுமே அதிகமாக ஒளிர்கின்றன. அப்படியானால் மருந்து என்ன செய்கிறது என்று ஏன் கேட்கிறீர்கள்? ஆல்கஹால் குப்பியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே வகைக் குப்பிகள்தானா?

அந்த ஒற்றுமையை நாங்கள் முன்பே பார்த்திருந்தோம். பார்த்துவிட்டு, ஆல்கஹால் செல்லைத் துன்புறுத்துகிறது, தாமிரம் அந்தத் துன்பத்தையும் தடுக்கிறது என்று ஒரு விளக்கம் எழுதி வைத்திருந்தோம். எழுதியவள் நான். சார் அந்தப் பத்தியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டியிருந்தார்.

கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே என் கண்ணுக்கு முன்னால் வந்தது அந்தக் குமிழிகள்தான்.

கழுவிய குப்பி ஒன்றில் வெறும் காய்ச்சி வடித்த நீரை விட்டுத் தட்டினேன். நுரைத்தது. புதுக் குப்பியில் தட்டினேன். நுரைக்கவில்லை. பிறகு எல்லாவற்றுக்கும் புதுக் குப்பி வைத்துச் சோதனையை முதலிலிருந்து செய்தேன். ஆல்கஹாலும் தாமிரமும் ஒரே அளவு ஒளிர்ந்தன. மருந்தைக் கழுவிய குப்பியில் விட்டுப் பார்த்தேன். அதுவும் அதிகமாக ஒளிர்ந்தது. நான்கு முறை செய்தேன், நான்கு முறையும் அப்படியே. எங்கள் மருந்து யாரையும் காப்பாற்றவில்லை. சோப்பு கொன்றுகொண்டிருந்தது. ஏழு அலசலிலேயே கொஞ்சம் தங்கியிருக்க வேண்டும். மூன்றில் நன்றாகவே தங்கிவிட்டது.

சாரிடம் காட்டினேன். அவர் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தார். சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்க்கவில்லை. கன்னடத்தில்தான் பேசினார்.

“நோடம்மா, பாரும்மா, நீ இருக்கற இடத்துலேர்ந்து இவ்வளவு தூரம் வந்ததே பெருசு. அதுக்கு மேல எதிர்பார்த்தது என் தப்பு.”

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

“குப்பி யாரு கழுவறது?”

“ஒரு லேடி சார். கான்ட்ராக்ட்.”

“உனக்குத் தெரிஞ்சவளா?”

“இல்ல சார்.”

“எத்தனை தடவை அலசணும்னு சொல்லியிருக்க?”

“ஏழு சார்.”

“அலசறாளா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு நிறைய நேரம் இருந்தது. அவர் அவசரப்படுத்தவே இல்லை. மேசை மேல் இருந்த தங்க மருந்துக் குப்பியை உருட்டிக்கொண்டிருந்தார்.

“இல்லன்னுதான் தோணுது சார்.”

“அப்போ எழுதிக் கொடு. வித்தியாசம் இல்லைன்னே ஒரு கட்டுரை போகட்டும். அதுவும் ஒரு முடிவுதான், உனக்குப் பட்டம் கிடைக்கும். ஆனா தப்பு இந்த அறையில நடந்ததா இருக்கக் கூடாது. கழுவற இடத்துல நடந்ததா இருக்கணும்.” பிறகு சொன்னார்: “அரை மணியில அந்தப் பொம்பளையைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன். நீயும் இரு.”

நேரே கழுவும் அறைக்குப் போனேன். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் குனிந்திருந்தாள். மூன்று வட்ட டேப்பை நகத்தால் நெம்பி உரித்தேன். புது டேப் ஒட்டி ஏழு வட்டம் போட்டேன். வட்டங்கள் நன்றாக வந்தன.

அவள் திரும்பிப் பார்த்தாள். “இன்னா மேடம், மறுபடியும் ஏழா?”

“ஆமா.”

“நான்தான் அப்பவே சொன்னேன்ல?” என்று சிரித்தாள். தான் சொன்னதைத்தான் நான் கேட்டுக்கொண்டேன் என்று நினைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பு மறையும் முன்பே அட்டெண்டர் வந்து அவளைக் கூப்பிட்டார்.

சார் அறையில் கான்ட்ராக்ட் சூப்பர்வைசரும் இருந்தார். அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். சார் கன்னடத்தில் கேட்டார், அவளும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். எங்கள் சந்தில் வளர்ந்தவர்களுக்கு அது தனியாகக் கற்க வேண்டிய மொழியில்லை.

“எத்தனை தடவை அலசுற?”

“மூணு சார்.”

“ஏழு இல்லையா?”

“மொதல்ல ஏழு சார். அப்புறம் மூணு ஆக்கிட்டாங்க.”

“யாரு?”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பிரச்சினை வருமா என்று பார்த்தாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். “மேடம்தான்” என்றாள் மெதுவாக.

“நான் சொல்லல சார்,” என்றேன். “சுவத்துலயே ஏழு போட்டிருக்கு. வந்து பாருங்க.”

எல்லாரும் போய்ப் பார்த்தோம். வெள்ளை டேப்பில் ஏழு வட்டம், மை பளபளவென்று. தொட்டால் ஒட்டியிருக்கும். யாரும் தொடவில்லை.

“படிக்கத்தான் தெரியாதுன்னு பார்த்தா எண்ணவும் தெரியாது போல,” என்றார் சூப்பர்வைசர். சார் சிரித்தார்.

அண்ணி அந்த வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. ‘இவ என் நாத்தனாரு சார், ஒரே வூடு எங்களது’ என்று சொல்லியிருந்தால், தெரியாதவள் என்று நான் சாரிடம் சொன்னது அங்கேயே உடைந்திருக்கும். அது உடைந்தால் மற்றதையும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். அந்த இரண்டு மூன்று நொடிகளில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். என் ஐந்து வருடம் இவள் வாயில் போய்த் தொங்குகிறதே என்ற கோபம்.

“சரிங்க மேடம்,” என்றாள். நான் போட்ட நிபந்தனையை அவள் மீறவில்லை.

அன்றோடு அவளுக்கு அங்கே வேலை இல்லை. அடையாள அட்டையை சூப்பர்வைசர் கேட்டு வாங்கிக்கொண்டார். அட்டையில் இருந்த அவள் பெயரை அவளால் படிக்க முடிந்ததில்லை. கழுத்திலிருந்து கழற்றும்போது ஒரு தடவை அதைத் திருப்பிப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் நின்றாள். நான் அடுத்த பஸ்ஸில் போனேன்.

வீட்டுக்குப் போனபோது அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள். “சோப்பு கைக்கு ஒத்துக்கல, நானே வேணாம்னுட்டேன்.” அண்ணன் அவள் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றான். அம்மா தேங்காய் எண்ணெய் கொண்டு வந்தாள். நான் உடை மாற்றப் போனேன்.

கட்டுரை ஏற்கப்பட்டது. பட்டமும் கிடைத்தது. என் ஆய்வேட்டில் இருக்கும் எண்கள் அத்தனையும் உண்மை. தாமிரம், துத்தநாகம், தங்கம் எதற்கும் வெறும் ஆல்கஹாலுக்கும் வித்தியாசம் இல்லை என்று நேர்மையாக எழுதியிருக்கிறேன். முறைகள் பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரி மட்டும் இப்படி இருக்கும்: ‘துப்புரவுப் பணியாளர் அலசல் விதியைப் பின்பற்றாததால் ஏற்பட்ட மாசு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது.’ நுரையைக் கண்டுபிடித்தவள் அவள். அது நான் எழுதியதில் எங்கேயும் இல்லை.

அந்த அறையில் மறுபடியும் நிற்க வைத்தால் உண்மையைச் சொல்வேனா என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். சொல்வேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் சொல்லமாட்டேன். அவளுக்கு வேறு வேலை கிடைக்கும் என்று அப்போதே கணக்குப் போட்டிருந்தேன்; கிடைத்தது. இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு துடைக்கிறாள். எனக்கு வேறு பட்டம் கிடைத்திருக்காது.

பட்டம் வாங்கிய நாளில் அண்ணன் ஆட்டோவுக்கு மாலை போட்டு என்னைச் சந்து முழுக்கச் சுற்றிக் கொண்டு வந்தான். வாசலில் ஆரத்தி எடுத்தவள் அண்ணி. “உள்ள வாங்க மேடம்,” என்றாள். அண்ணன் கைதட்டிச் சிரித்தான். “டாக்டர் ஆயிட்டா இல்ல, இனிமே மேடம்தான்!” அம்மாவுக்கு அது பெருமையாக இருந்தது. அன்றிலிருந்து வீட்டிலும் அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

தினமும் காலையில் அடுப்படித் தொட்டியில் என் டம்ளரை அவள் கழுவும் சத்தம் கேட்கும். எண்ணிக்கொண்டே அலசுவாள். மெதுவாக, எனக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும். பிறகு காபியோடு வந்து என் புத்தகங்களின் மேல் டம்ளரை வைப்பாள்.

“ஏழு தட அலசியிருக்கேன் மேடம். குடிங்க.”

குடிக்கிறேன்.